‘ஒரு நாய்க்கா இத்தனை அழுகை?’: வளர்த்த பிராணி இறந்தபின் வரும் துக்கம் பற்றி

வீட்டில் வளர்த்த நாயோ பூனையோ செத்துப்போனால் சில பேச்சுகள் கட்டாயம் காதில் விழும். ‘ஒரு நாய்க்கா இத்தனை அழுகை?’ என்பார் ஒருவர். ‘விடு, வேற குட்டி வாங்கிக்கலாம்’ என்பார் இன்னொருவர். கொஞ்சம் படித்தவராக இருந்தால் ‘துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்கு, ஒவ்வொண்ணா தாண்டிருவே’ என்பார். எல்லாமே நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அழுதுகொண்டிருப்பவருக்கு உதவுகிற பேச்சு இதில் ஒன்றுகூட இல்லை. காரணம், இந்தத் துக்கம் எங்கிருந்து வருகிறது, எப்படி நகர்கிறது என்பதைப் பற்றிப் பலருக்கும் தெளிவான எண்ணம் இல்லை.

அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். நாய், பூனை என்று வரும் இடங்களில் கிளி, முயல், பசு, சேவல் என்று உங்கள் வீட்டில் எது இருந்ததோ அதை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

## நேற்று வந்த நாகரிகம் இல்லை

‘அந்தக் காலத்துல நாய் செத்தா தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பார்ப்பாங்க’ என்று சொல்பவர்களுக்கு முதலில் ஒரு கல்லைக் காட்ட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கும் நடுகல் அது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டிலேயே எழுதியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே நடுகல் உண்டு.

இன்னும் பின்னால் போகலாம். ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் 1914இல் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. குட்டியின் பற்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் வந்து சில வாரங்கள் மோசமாகக் கிடந்திருக்கிறது என்றார்கள். யாரோ சுத்தம் செய்து, தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளாமல் அத்தனை நாள் பிழைத்திருக்காது. வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத சீக்குக் குட்டி. அதை மனிதர்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள்.

2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. ‘ஒரு யானைக்கா?’ என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஊர் சேர்ந்து அழும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. வீட்டுக்குள் ஒருவர் தனியாக அழும்போதுதான் எழுகிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

## கை தேடும் ஸ்விட்ச்

வீட்டில் ஒயரிங்கை மாற்றுகிறீர்கள். வாசலுக்கு இடப்பக்கம் இருந்த ஸ்விட்ச் போர்டை எலக்ட்ரீஷியன் வலப்பக்கம் வைத்துவிட்டுப் போகிறார். மாற்றச் சொன்னதே நீங்கள்தான். ஆனாலும் ராத்திரி இருட்டில் உள்ளே நுழைந்தால் கை இடப்பக்கச் சுவரைத்தான் தடவும். அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. அங்கே வெறும் சுவர் இருப்பதைப் பலமுறை தடவிப் பார்த்த பிறகுதான் கை மெல்ல மெல்ல வலப்பக்கம் போகப் பழகும்.

மூளை வேலை செய்வதே இப்படித்தான். பழகிய இடத்தை, பழகிய ஆட்களை ஒரு படமாக வைத்துக்கொண்டு, அடுத்த நொடியில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே இருக்கும். இந்த ஊகத்தை முன்கணிப்பு என்போம்.

இப்போது பூனை இருந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கத்தரிக்கோலால் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும் சத்தம் கேட்டால் போதும், எங்கே படுத்திருந்தாலும் எழுந்து வந்து காலைச் சுற்றும். மீன்காரர் குரல் கேட்டால் மதில்மேல் ஏறும். ஃபேன் வேகத்தைக் கூட்டினால் கட்டிலுக்கு இறங்கி வரும். நாய் வீடென்றால் கேட் கொண்டி சத்தம், செருப்பு மாட்டும் சத்தம், தெருமுனையில் திரும்பும் உங்கள் வண்டியின் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பதிலாக ஓர் உயிர் வரும் என்று மூளை பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறது. அது இறந்த மறுநாள் அத்தனை கணக்கும் பொய்த்துப்போகிறது. பால் பாக்கெட்டை வெட்டுகிறீர்கள், யாரும் வரவில்லை. சாப்பிடும்போது கடைசி வாய்ச் சோறு தட்டில் தனியாக ஒதுங்கி நிற்கிறது.

‘எங்க சித்தப்பா செத்ததுக்குக்கூட நான் இவ்வளவு அழல’ என்று வெட்கத்தோடு சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா மேல் பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. வெளியூரில் இருந்த சித்தப்பா வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அவர் இல்லாததை மூளை எப்போதாவதுதான் சந்திக்கிறது. நாய் இல்லாததை ஒரே நாளில் நாற்பது முறை சந்திக்கிறது.

ராத்திரி தரையில் நகம் படும் சத்தம் கேட்டது, கால்மாட்டில் படுத்திருந்த கனம் தெரிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பயப்பட வேண்டாம், புத்தி பேதலிக்கவில்லை. வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த கிட்டத்தட்ட 300 பேரிடம் பேசி ஒரு மருத்துவர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகச் சொன்னார்கள். மூளை பழைய படத்தை வைத்தே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பழக்கம் மட்டுமே என்றால் பழைய சோஃபாவை விற்றாலும் அழ வேண்டுமே என்று கேட்கலாம். சரிதான். பழக்கத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்கும் தாய்க்கும் நடுவே உள்ள பிணைப்பை ஆராய்ந்து பற்றுறவு என்ற கருத்தை முன்வைத்தார். நமக்குப் பத்திரமான உணர்வைத் தருகிற ஓர் உயிரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று உடம்புக்குள் இருக்கும் தூண்டுதல்தான் பற்றுறவு. அந்த உயிர் விலகினால் முதலில் பதற்றமும் தேடலும், பிறகு சோர்வும் வரும்.

வளர்ப்புப் பிராணியிடம் இது இரண்டு திசையிலும் ஓடுகிறது. வெளியே எப்படிப்பட்ட நாளாக இருந்தாலும் வாசலில் ஒரே மாதிரி வரவேற்கும் நாய் நமக்குத் தாய் போல. சோறூட்டி, மருந்து தடவி, மழைக்குப் பயந்தால் மடியில் வைத்துக்கொள்ளும் நாம் அதற்குத் தாய் போல. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் நடுவில் பிணைப்பை வளர்க்கும் அதே சுரப்புதான். மனிதர் கையால் வளர்ந்த ஓநாய்களிடம் இது தெரியவில்லை. ஆக ‘குழந்தை மாதிரி வளர்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: அழுகையின் அளவை இறந்தது மனிதரா மிருகமா என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அது நம் அன்றாடத்துக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருந்தது, யார் யாரைக் கவனித்துக்கொண்டார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

## துக்கம் விசாரிக்க யாரும் வராத சாவு

மனிதச் சாவுக்கு நம்மிடம் பெரிய ஏற்பாடு இருக்கிறது. அடுப்பு பற்றவைக்காத வீட்டுக்கு உறவுக்காரர்கள் சாப்பாடு கொண்டு வருவார்கள். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் ‘ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குதுன்னார்’ என்று அதே கதையை முதலிலிருந்து சொல்வோம். ஆபீஸில் லீவு கேட்டால் காரணம் கேட்க மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம், தலை தீபாவளியாகவே இருந்தாலும் கொண்டாடாமல் விடுவது, வருஷத் திதி என்று துக்கத்துக்கு ஒரு காலண்டரே இருக்கிறது. இதில் பாதி சடங்கு என்று நாம் அலுத்துக்கொண்டாலும், மூளை பழைய படத்தைத் திருத்திக்கொள்ள இது பெரிய உதவி. ஐம்பது பேரிடம் ஒரே சாவைச் சொன்னவருக்கு அந்தச் சாவு ஐம்பது முறை உறுதியாகிறது.

நாய் செத்தால் இது எதுவும் இல்லை. ராத்திரி தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, காலை ஒன்பதரைக்கு மீட்டிங்கில் உட்கார வேண்டும். ‘என்ன, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு?’ என்று கேட்டால் ‘தூக்கம் இல்ல சார்’ என்று சமாளிக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அங்கீகாரம் இல்லாத துக்கம் எனலாம். இழப்பு உண்மையானது, ஆனால் ‘நீ அழலாம்’ என்று சுற்றியிருப்பவர்கள் அனுமதிக்காத நிலை அது. வலியோடு வெட்கமும் சேர்ந்துகொள்வதுதான் இதன் தனிக் கெடுதல். அழுகிறவர் தன்னையே ‘எனக்கு என்ன ஆச்சு?’ என்று சந்தேகப்படுவார்.

மதுரை, சிவகங்கைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை, வேட்டி, துண்டு சாத்தி, ஊர் கூடி மேளத்தோடு அடக்கம் செய்வார்கள். காளைக்காரர் குலுங்கி அழுதாலும் யாரும் கேலி செய்வதில்லை, கூட நின்று அழுவார்கள். அவருக்கு அங்கே அனுமதி இருக்கிறது. அதே ஊர்க்காரர் சென்னை அபார்ட்மென்டில் வளர்த்த பூனைக்கு அழுதால் இல்லை.

இந்த அனுமதி மறுப்பு சிலருக்கு இன்னும் பலமாக அடிக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஒரு நாயோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். வீட்டில் அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆண்கள். அப்புறம், யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு கூட்டம்: தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவர்கள். ஒருநாள் காலை அதில் ஒன்று தெருமுனையில் வண்டியில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். அது ‘அவர்களுடைய’ நாய்கூட இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

## ‘நான்தான் கொன்னுட்டேன்’

வளர்ப்புப் பிராணி இறந்தவர்களிடம் பேசினால் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வரும். மனிதச் சாவிலும் குற்ற உணர்ச்சி உண்டு. ஆனால் அங்கே நோயாளியே வலியைச் சொல்வார், முடிவெடுக்க நாலு பேர் இருப்பார்கள். இங்கே பிராணியால் சொல்ல முடியாது. எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது, எவ்வளவு செலவழிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் நம் தலையில். அதனால் முடிவில் எல்லாப் பழியும் நம் தலையில்தான் வந்து உட்காரும்.

இங்கே மூளை ஒரு தவறு செய்கிறது. உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஷாஃப் 1975இல் சோதித்துக் காட்டியது அது. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், அந்த முடிவு முன்பே தெளிவாகத் தெரிந்திருந்ததுபோல் நமக்குத் தோன்றிவிடும். இதைப் பின்னறிவு மயக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

வயதான பூனைகளுக்கு அடிக்கடி வரும் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் பூனை கொஞ்சம் அதிகம் தண்ணீர் குடிக்கிறது. ‘வெயில் காலம், குடிக்குது’ என்று எல்லாரும்தான் நினைப்பார்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அந்தத் தண்ணீர்த் தாகமே வெளியில் தெரியத் தொடங்கும். இன்னும் போனபிறகுதான் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ஏறும். போதாக்குறைக்குப் பூனைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். காட்டில் பலவீனத்தைக் காட்டும் பிராணி இரையாகிவிடும், அந்தப் பழக்கம் அவற்றின் உடம்பில் இருக்கிறது. ஆனால் பூனை இறந்த பிறகு அந்தச் சித்திரை மாதத்தை நினைத்தால், தண்ணீர்க் கிண்ணம் ஒன்றே கண்முன் பெரிதாக நிற்கும். ‘அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்’ என்று தோன்றும். அன்றைக்கு அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்து சாதாரணமான ஆயிரம் விஷயங்கள் இருந்தன என்பது மறந்துபோகும்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘அன்று எனக்குத் தெரிந்தது’, வலப்பக்கம் ‘பிறகு தெரிந்தது’. டாக்டர் சொன்னது, நெட்டில் படித்தது, ஸ்கேனில் வந்தது எல்லாம் வலப்பக்கத்தில்தான் விழும். உங்களை நீங்கள் விசாரிப்பதாக இருந்தால் இடப்பக்கத்தை மட்டும் வைத்து விசாரியுங்கள்.

சில சமயம் உண்மையிலேயே தவறு நடந்திருக்கும். கேட்டைத் திறந்து வைத்திருப்போம், நாய் ரோட்டுக்கு ஓடியிருக்கும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டிருப்போம். அப்படிப்பட்டவரிடம் ‘உன் தப்பு எதுவும் இல்லை’ என்று பூசி மெழுகுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் அதை நம்பவும் மாட்டார். தவறின் அளவுக்கு வருந்தி, கேட்டுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங் வைப்பதும், தெருவில் நாலு குட்டிகளுக்கு ஊசி போட வைப்பதும் அவருக்கு அதைவிட உதவும்.

பணம் இன்னொரு முள். ஆபரேஷன் செலவைக் கேட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸை நினைத்து, வேண்டாம் என்று வீட்டுக்கே திரும்பத் தூக்கி வந்தவர்கள் எத்தனையோ பேர். அதை வெளியில் சொல்லவும் மாட்டார்கள். வீட்டின் மொத்தக் கஷ்டத்தையும் பார்த்து எடுத்த முடிவுக்குக் கொலை என்று பெயரில்லை.

கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களின் உறுத்தல் தனி ரகம். அதில் பாதி, பார்த்தது என்னவென்று புரியாததால் வருவது. வழக்கமாக முதலில் மயக்கம் தருகிறார்கள். பிறகு நரம்பில் மயக்க மருந்தையே மிக அதிக அளவில் ஏற்றுகிறார்கள். நினைவு சில நொடிகளில் போய்விடும். மூச்சும் இதயமும் சில நிமிடங்களில் நிற்கும். கண் மூடாமல் திறந்தே இருக்கலாம். எல்லாம் அடங்கிய பிறகும் தசை துடிக்கலாம், பெரிதாக ஒரு மூச்சு வருவதுபோல் நெஞ்சு ஏறி இறங்கலாம். அது வலியோ, உயிருக்குப் போராடுவதோ இல்லை. நினைவு போன உடம்பின் அனிச்சை அசைவு. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், அந்தக் கடைசி மூச்சையே நினைத்து நினைத்து மறுகுகிறவர்கள் உண்டு.

நம் ஊரில் இன்னொரு பேச்சும் இருக்கிறது: ‘வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு.’ சிலருக்கு இது பெரிய ஆறுதல், அந்தச் சாவுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடுகிறது. வேறு சிலருக்கோ, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, ‘எனக்காகத்தான் செத்துச்சா?’ என்ற புதிய பாரம். யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்வது நல்லது.

குற்ற உணர்ச்சியைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: முடிவு தெரிந்த கண்ணால் பழைய நாட்களைப் பார்க்கிறோம். உண்மைத் தவறு இருந்தால் அதைத் திருத்த வழி உண்டு, ஆனால் நம்மை நாமே தண்டிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது.

## அந்த ஐந்து கட்டம்

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. இந்தப் பட்டியலைத் தந்தவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர், 1969இல். சிகாகோவில் அவர் உட்கார்ந்து பேசியது சாகப்போகும் நோயாளிகளிடம். தங்கள் சாவைத் தாங்களே எதிர்கொள்பவர்களிடம் கண்டதை அவர் எழுதினார். அது பின்னால் எல்லாவகை இழப்புக்கும் ஏறும் படிக்கட்டாகப் பரவிவிட்டது. ‘எனக்கு இன்னும் கோபமே வரலையே’, ‘போன வாரம் ஏத்துக்கிட்டேன், இன்னிக்கு மறுபடி அழறேனே’ என்று பரீட்சையில் ஃபெயிலானவர்கள்போல் கவலைப்படுகிறவர்கள் இதனால்தான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் சொன்னது நடப்புக்கு இன்னும் நெருக்கம். துக்கத்தில் இருப்பவர் இரண்டு வேலைகளுக்கு இடையே போய்வந்துகொண்டே இருக்கிறார். ஒன்று, இழப்பின் பக்கம்: அழுவது, போட்டோவைப் பார்ப்பது, ஏங்குவது. மற்றது, மாறிப்போன வாழ்க்கையின் பக்கம்: காலை நேரத்தை வேறு எதற்காவது பழக்குவது, வேலையைப் பார்ப்பது, கொஞ்ச நேரம் மறந்திருப்பது. இதை இருவழிப் போக்கு எனலாம். மத்தியானம் வடிவேலு காமெடி பார்த்துச் சிரித்தவர், சாயங்காலம் ஃபிரிட்ஜின் மேல் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையைப் பார்த்து உடைந்து அழுவார். சிரித்தது துரோகமில்லை, அழுதது பின்னடைவும் இல்லை. இப்படிப் போய்வருவதில்தான் மூளை புதுப் படத்தை வரைந்துகொள்கிறது. ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால்தான் யோசிக்க வேண்டும்.

மறந்தால்தான் ஆறும் என்பதும் கட்டாயமில்லை. பெயரைச் சொல்லிப் பேசுவது, போட்டோ மாட்டுவது, புதைத்த இடத்தில் ஒரு செம்பருத்தி நடுவது, இப்படி உறவை வேறு வடிவில் வைத்துக்கொண்டே நன்றாக வாழ்கிறவர்கள் ஏராளம்.

## நடைமுறையில்

முதல் நாளே தட்டு, பெல்ட், படுக்கை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் ‘உன் நல்லதுக்கு’ என்று குப்பையில் போட்டுவிட விடாதீர்கள். ஒரு பையில் கட்டி அலமாரியில் வையுங்கள். என்ன செய்வது என்று பிறகு முடிவு செய்யலாம். கிளினிக்குக்கு யாரையாவது போன் பண்ணச் சொல்லி, தடுப்பூசி நினைவூட்டல் மெசேஜை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து ‘டாமியின் ஊசி நாள் நாளை’ என்று செல்போனில் வந்து விழுவது சின்ன அடி இல்லை.

நடைக்குப் போன நேரத்தை அப்படியே விட்டுவிடாமல் நடக்கப் போங்கள். முதல் சில நாள் வேறு தெருவில் போகலாம். ஆனால் பழைய தெருவை வருடக்கணக்கில் தவிர்த்தால், ஸ்விட்ச் இல்லாத சுவரைக் கை தடவிப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போய்விடும்.

அடக்கத்தை அவசரமாக முடிக்காதீர்கள். வீட்டில் எல்லாரும், விரும்பினால் பிள்ளைகளும், ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். ஒரு மாலை, ஒரு கற்பூரம், அதற்குப் பிடித்த பிஸ்கட், உங்கள் வழக்கப்படி எதுவானாலும் சரி. சொந்த இடத்தில் புதைப்பதானால் கிணறு, போர்வெல் பக்கம் வேண்டாம். மூன்று நான்கு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். மருந்து செலுத்திக் கருணைக்கொலை செய்த உடல் என்றால் ஆழம் இன்னும் முக்கியம். தோண்டித் தின்னும் பிராணிக்கும் அந்த மருந்து ஆபத்து.

ஊர் அனுமதி தராத துக்கத்துக்கு ஒரே ஒரு ஆள் அனுமதி தந்தாலும் பெரிய விஷயம். நாய் வளர்த்து இழந்த ஒருவரைத் தேடி, கடைசி நாளின் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள். அவர் குறுக்கே பேச மாட்டார்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் ‘மனசு கஷ்டம்’ என்று படுத்துவிட வேண்டாம். கடுமையான அதிர்ச்சிக்குப் பின் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் நிலை ஒன்று உண்டு. நாயை இழந்த ஒரு பெண்மணிக்கு அப்படி வந்ததை 2017இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

## பிள்ளைகளிடம் என்ன சொல்வது

பல பிள்ளைகள் முதன்முதலில் பக்கத்தில் பார்க்கும் சாவு வீட்டுப் பிராணியினுடையதுதான். செத்தது திரும்பாது, செத்த உடம்பு எதையும் உணராது, எல்லா உயிரும் ஒருநாள் சாகும். இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பிடிபடுகிறது. அதற்கு முன் ‘ஜிம்மி எப்ப வரும்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அடம் இல்லை அது, இன்னும் பிடிபடவில்லை.

‘தூங்குது’ என்று சொன்னால் பிள்ளை தானே தூங்கப் பயப்படும். ‘ஊசி போட்டாங்க, செத்துப்போச்சு’ என்றால் அடுத்த தடுப்பூசிக்கு வீடே அதிரும். ‘பண்ணைக்கு அனுப்பிட்டோம்’ என்றால், என்றாவது உண்மை தெரியும்போது இரட்டை அடி. ‘ஜிம்மி செத்துப்போச்சு. அதோட உடம்பு ரொம்ப சீக்காகி வேலை செய்யாம நின்னுருச்சு. இனி திரும்ப வராது. நீ செஞ்ச எதனாலயும் இல்லை. எனக்கும் அழுகையா வருது’ என்பது போதும். சாமியிடம் போய்விட்டது என்ற நம்பிக்கை உங்கள் வீட்டில் இருந்தால் இதற்குப் பிறகு சொல்லுங்கள், இதற்குப் பதிலாக வேண்டாம்.

## வீட்டில் இன்னொன்று இருந்தால்

மீதமிருக்கும் நாயும் மாறிப்போகும். இத்தாலியில் 426 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2022இல் வந்த ஆய்வில், கூட வாழ்ந்த நாய் இறந்தபின் மற்றதன் நடத்தை மோசமானதாக 86% பேர் சொன்னார்கள். விளையாட்டுக் குறைவு, தின்பது குறைவு, நம்மை ஒட்டிக்கொண்டே திரிவது. சாப்பாட்டு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாமல் வைத்திருப்பதே அதற்கு நல்லது. பூனை மட்டும் இரண்டு நாளைக்கு மேல் தின்னாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பட்டினி கிடந்த பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

## அடுத்த குட்டி எப்போது

இத்தனை மாதம் என்று கணக்கு ஏதுமில்லை. அடுத்த வாரமே கொண்டுவந்து சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு, இனி வேண்டாம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. புதுக் குட்டிக்குப் பழைய பெயரையே வைத்து, பழையது மாதிரி ஏன் இல்லை என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நேரம் இன்னும் வரவில்லை. அம்மா அழுகிறாள் என்று அவளைக் கேட்காமல் குட்டியை வாங்கி வந்து மடியில் போடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். வளர்க்கப்போவது அவர்தான், முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

முன்னது பார்வோவில் இறந்திருந்தால் மனசு தயாரானாலும் வீடு தயாராகியிருக்காது. அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி முழுவதும் முடியாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

## எப்போது டாக்டரைப் பார்ப்பது

பெரும்பாலானவர்களுக்கு அலை மெல்ல மெல்லச் சிறிதாகும், இடைவெளி கூடும். சிலருக்கு மட்டும் குறையாமல் அப்படியே நிற்கும். மனிதர்களை இழந்தவர்களுக்கு இப்படி ஆவதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் குறிப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் ஆறு மாதம், அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறையில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் கடந்தும் அன்றாட வாழ்க்கையே ஓடாத நிலை. அமெரிக்க வரையறை ஒரு நபரின் சாவையே பேசுகிறது, பிராணியைச் சேர்க்கவில்லை. அதனால் சிகிச்சை கிடையாது என்று ஆகிவிடாது. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் எதற்காக வந்தாலும் உதவி உண்டு.

ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடுகிறது என்றால் போகலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல உதவி இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் 1926. ‘நாய் செத்ததுக்கு இதையெல்லாம் போய்ச் சொல்லலாமா’ என்று தயங்கினால், தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்: எத்தனை நாளாகத் தூங்கவில்லை, என்றிலிருந்து. நாயின் பேச்சு அந்த இரண்டாவது பதிலில் தானாக வந்துவிடும்.